ஆலிவ் பச்சை நகப்பூச்சு: அழகும் வேணும், கவனமும் வேணும்



அழகுக்கலைப் பயிற்சி முடித்து சொந்தமாக பார்லர் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். காலேஜ் போகும் பெண்கள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இந்த மிலிட்டரி பச்சை கலர் நகத்துக்குப் போட்டு விடுங்க, இதுதான் இப்போ ஃபேஷன்" என்கிறார்கள். கூட வந்த அம்மாவோ, "இது என்ன, பாசி புடிச்ச மாதிரி இருக்கு? நல்ல சிவப்பா ஒண்ணு போடுடி" என்கிறார். நடுவில் நிற்கும் நம் உறுப்பினருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இந்த நிறம் எங்கிருந்து வந்தது, அதை ஏன் இலையுதிர் காலத்து நிறம் என்கிறார்கள், நம் கைக்கு ஒத்து வருமா, போட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நகப்பூச்சு சின்ன விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். அதன் அடியில் இருக்கும் நகம் சின்ன விஷயம் இல்லை. அதைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் சொல்கிறோம்.

ஆலிவ் பச்சை என்றால் எந்தப் பச்சை?

புடவைக் கடையில் நமக்குத் தெரியாத பச்சை இல்லை. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, பாட்டில் பச்சை என்று பிரித்துப் பிரித்துச் சொல்வோம். ஆலிவ் பச்சை என்பது பாசிப்பச்சைக்குப் பக்கத்து வீடு. பச்சையில் மஞ்சள் கலந்து, அதோடு கொஞ்சம் பழுப்பும் சேர்ந்து மங்கினால் வருவது இந்த நிறம். நம் ராணுவ வீரர்களின் சீருடைப் பச்சை என்றால் உடனே புரியும்.

ஆலிவ் என்பது ஒரு மரம். இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் போன்ற மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளில் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பயிராகிறது. அதன் காயைப் பிழிந்துதான் ஆலிவ் எண்ணெய் எடுக்கிறார்கள். அந்தக் காய் பழுக்கும் முன்னால் இருக்கும் நிறம்தான் ஆலிவ் பச்சை. பழுத்தால் கருநீலமாகி நாவற்பழம் போலத் தெரியும்.

இலையுதிர் காலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

குளிர் நாடுகளில் வருஷத்தை வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்காகப் பிரிப்பார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். அப்போது பகல் குறையும், குளிர் தொடங்கும். இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கும் பச்சையத்தை மரம் புதிதாகச் செய்வதை நிறுத்திவிடும். இருக்கிற பச்சையமும் சிதையும். அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் அப்போதுதான் வெளியே தெரியும். சில மரங்களில் சிவப்பும் புதிதாக உண்டாகும். பச்சை போய் மஞ்சளும் பழுப்பும் வருகிற அந்த இடைப்பட்ட நிறம் ஏறக்குறைய ஆலிவ்தான்.

அந்த ஊர்களில் காலம் மாறினால் துணியும் மாறும். கோடையின் மெல்லிய துணியை மடித்து வைத்துவிட்டு கம்பளி, தோல் சட்டை என்று எடுப்பார்கள். நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் நகரங்களில் நடக்கும் ஆடைக் காட்சிகளில் இலையுதிர், குளிர்காலத் துணிகளை அந்த வருஷம் பிப்ரவரி, மார்ச்சிலேயே காட்டிவிடுவார்கள். துணிக்கு ஏற்ற உதட்டுச்சாயம், நகப்பூச்சு என்று அழகுசாதனக் கம்பெனிகளும் காலத்துக்கு ஒரு தொகுப்பு இறக்கும். கோடைக்குப் பளிச்சென்ற நிறங்கள், இலையுதிர் காலத்துக்கு மெரூன், துருப்பிடித்த செம்பு, கடுகு மஞ்சள், ஆலிவ் பச்சை. அந்தப் படங்கள்தான் செல்போன் வழியாக நம் பிள்ளைகள் கைக்கு வருகின்றன.

நம் ஊர்க் கணக்கு வேறு. பழந்தமிழர் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அங்கே இலை உதிரும் அதே மாதங்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்து காடு கழனியெல்லாம் பச்சையாக இருக்கும். நம் பக்கத்துக் காட்டு மரங்கள் இலை உதிர்ப்பது மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில். ஆகவே "இது சீசன் கலர், இப்போதே போடணும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அவசரப்பட வேண்டாம். பிடித்தால் எந்த மாதமும் போடலாம். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

க்யூட்டெக்ஸ் என்று ஏன் சொல்கிறோம்?

நம் அம்மாக்கள் நகப்பூச்சை "க்யூட்டெக்ஸ்" என்றுதான் சொல்வார்கள். இது ஒரு கம்பெனியின் பெயர். அமெரிக்காவில் 1911-ல் நக ஓரத்துத் தோலை மிருதுவாக்கி எடுக்கும் மருந்தோடு அந்தக் கம்பெனி தொடங்கியது. சில வருஷம் கழித்து நீர்ம நகப்பூச்சையும் விற்க ஆரம்பித்தது. பெயர் பரவி, எந்தக் கம்பெனிப் பூச்சானாலும் நமக்கு அது க்யூட்டெக்ஸ் ஆகிவிட்டது.

இன்று நாம் பார்க்கும் பளபளப்பான கெட்டிப் பூச்சுக்கு கார் பெயின்டோடு உறவு உண்டு. 1920-களில் அமெரிக்காவில் கார்களுக்கு அடிக்க, சீக்கிரம் காயும் ஒரு புது வகைப் பெயின்ட் வந்தது. அதே வகைப் பொருள்தான் நகப்பூச்சிலும் இடம் பிடித்தது. 1932-ல் தொடங்கிய ரெவ்லான் கம்பெனி, நகத்தை முழுசாக மறைக்கும் கெட்டி நிறங்களைப் பிரபலமாக்கியது. நம் நாட்டில் 1952-ல் டாடா குழுமம் தொடங்கியது லாக்மே. லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு உச்சரிப்புதான் அந்தப் பெயர். இப்போது அது வேறு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னாலிருந்தே நமக்கு மருதாணி இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது நல்லது. மருதாணி நகத்துக்குள் ஊறி, நகத்தின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சுரண்டினாலும் போகாது, நகம் வளர வளரத்தான் போகும். கைவிரல் நகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனி வரை முழுசாக மாற சுமார் 6 மாசம் ஆகும். கால் கட்டைவிரல் நகத்துக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். நகப்பூச்சு அப்படியில்லை. அது நகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மெல்லிய தோல். அதனால்தான் உரிகிறது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

தெரிந்து வாங்கினால் ஏமாற மாட்டோம். பெரும்பாலான நகப்பூச்சில் இருப்பவை இவை:

1. நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சு போன்ற நாரை அமிலத்தில் பதப்படுத்திச் செய்வது. காய்ந்ததும் தோல் மாதிரி படிவது இதுதான். எளிதில் தீப்பிடிக்கும்.

2. ஈத்தைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்ற கரைப்பான்கள். நாம் பாட்டிலைத் திறந்ததும் குப்பென்று வரும் வாசனை இவற்றுடையது. இவை ஆவியாகிப் போனால்தான் பூச்சு காயும்.

3. பிசினும் நெகிழ்வு தரும் பொருளும். பூச்சு நகத்தோடு ஒட்டவும், விரிசல் விடாமல் இருக்கவும் உதவுபவை.

4. நிறப்பொடி. ஆலிவ் நிறத்துக்கு மஞ்சள், பழுப்பு தரும் இரும்பு ஆக்சைடு, பச்சை தரும் குரோமியம் ஆக்சைடு போன்றவற்றைக் கலப்பார்கள். வெளிறிய ஆலிவ் வேண்டுமானால் வெள்ளைப் பொடியும் சேரும்.

டைபியூட்டைல் தாலேட், டொலுவீன், ஃபார்மால்டிஹைடு என்ற மூன்று பொருள்கள் நகப்பூச்சில் இருப்பது நல்லதல்ல என்று பல வருஷமாகப் பேசப்படுகிறது. இதில் டைபியூட்டைல் தாலேட்டை அழகுசாதனங்களில் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் முடிவு செய்தது. இந்த மூன்றும் இல்லாத பூச்சு இப்போது சாதாரண விலையிலேயே கிடைக்கிறது. லேபிளில் பார்த்து வாங்குங்கள்.

நம் நாட்டில் 2020-ஆம் வருஷத்து அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, லேபிளில் தயாரித்தவர் பெயரும் முகவரியும், பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி இருக்க வேண்டும். பாட்டில் சின்னதாக இருந்தால் அட்டைப்பெட்டியையும் பாருங்கள். சந்தையில் கூறு கட்டி விற்கும், பெயரே இல்லாத பாட்டிலை மலிவு என்று வாங்க வேண்டாம். அதில் என்ன பொடி கலந்திருக்கிறது என்று யாரையும் கேட்க முடியாது.

நம் கைக்கு ஒத்து வருமா?

"நான் கறுப்பு, எனக்கு இதெல்லாம் எடுக்காது" என்று நம்மில் பலர் சொல்கிறோம். இது தப்பான எண்ணம். ஆலிவ் பச்சையில் மஞ்சளும் பழுப்பும் இருக்கின்றன. நம் தோலின் நிறத்திலும் அதே மஞ்சளும் பழுப்பும் இருக்கின்றன. அதனால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்த நிறம் நன்றாகவே இணையும். வெளிறிய, சாம்பல் கலந்த ஆலிவ் சில கைகளைச் சோர்வாகக் காட்டும். அப்படித் தெரிந்தால் ஒரு படி அடர்த்தியானதை எடுங்கள்.

கடை டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ஒரு விரலில் தடவி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பாட்டிலில் தெரிவது ஒன்று, நகத்தில் இரண்டு பூச்சுக்குப் பிறகு தெரிவது இன்னொன்று.

கடுகு மஞ்சள், அரக்கு, மெரூன், சந்தனம், வெள்ளைக் கதர் ஆகியவற்றோடு ஆலிவ் சேரும். தங்க ஜரிகை பக்கத்தில் இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும். கை வேலை அதிகம் உள்ளவர்கள் கால் நகத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். வெள்ளி மெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை அழகாகத் தெரியும், சீக்கிரம் உரியவும் உரியாது.

போடும் முறை

1. பழைய பூச்சை ரிமூவரால் துடையுங்கள். பிளேடாலோ பல்லாலோ சுரண்டினால் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும்.

2. கையை சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். நகத்தில் எண்ணெயோ ஈரமோ இருந்தால் பூச்சு நிற்காது.

3. நக ஓரத்துத் தோலை வெட்டாதீர்கள். நகத்துக்கும் சதைக்கும் நடுவில் கிருமி நுழையாமல் காக்கும் கதவு அது. மெதுவாகப் பின்னால் தள்ளினால் போதும்.

4. முதலில் நிறமில்லாத பேஸ் கோட். ஆலிவ் போன்ற அடர்நிறத்துக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் நகத்தில் மஞ்சள் கறை பிடிக்கும்.

5. பாட்டிலை வேகமாகக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி வரும்.

6. நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு இழுப்பு. மெல்லிய பூச்சாக இரண்டு முறை. ஒரே தடவையில் கெட்டியாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும்.

7. கடைசியில் டாப் கோட். நக நுனியையும் சேர்த்து மூடுங்கள். உரிவது நுனியிலிருந்துதான் தொடங்கும்.

மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. கரைப்பான் ஆவியாகும்போது நகத்தின் மேல்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பூச்சு வெண்மையாக மங்கும். "பாட்டில் கெட்டுப் போச்சு" என்று நாம் நினைப்போம். கெட்டது பாட்டில் இல்லை, ஈரக்காற்று. அந்த நாளில் பூச்சை இன்னும் மெல்லியதாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கூடுதல் நேரம் காய விடுங்கள்.

ஒரு வாரம், பத்து நாளில் எடுத்துவிடுங்கள். மாசக்கணக்கில் விட்டால் நகம் காய்ந்து வெள்ளைத் திட்டு விழும். எடுத்த பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, சில நாள் நகத்தைச் சும்மா விடுங்கள்.

நகம் டாக்டருக்குச் சொல்லும் சேதி

இனி வருவதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள்.

டாக்டரும் நர்ஸும் நம் கையைப் பிடித்ததும் நகத்தைப் பார்ப்பார்கள். நகத்துக்கு அடியில் ஓடும் ரத்தம் வெளியே தெரியும் இடம் அது. நகம் வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். கரண்டி போலக் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிப்பார்கள். நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம் இருக்கலாம். நகத்தை அழுத்தி விட்டு, இளஞ்சிவப்பு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்றும் பார்ப்பார்கள். அடர்நிறப் பூச்சு இது எல்லாவற்றையும் மறைத்துவிடும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதாவது பத்துப் பேர் உட்காரும் குழுவில் ஐந்தாறு பேர். நம் நகத்தை நாமே மாசம் ஒருமுறை பூச்சில்லாமல் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள்.

அடுத்தது, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், வீடு வீடாக வந்து பார்த்தார்களே, அதே கருவி. அது விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும். அதை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடும். நடுவில் பச்சை, நீலம், கறுப்பு, பழுப்பு போன்ற அடர்நிறப் பூச்சு இருந்தால் ஒளியைத் தடுத்து எண்ணை மாற்றிக் காட்டலாம். ஆலிவில் பச்சையும் இருக்கிறது, பழுப்பும் இருக்கிறது. ஒன்றிரண்டு எண் கூடுவதும் குறைவதும் சில நேரம் பெரிய முடிவையே மாற்றிவிடும்.

அதனால் ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ போகும் முன்பு நகப்பூச்சை எடுத்துவிடுங்கள். நம் வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால், வளைகாப்புக்குப் போட்ட பூச்சைத் தேதி நெருங்கும் முன்பே துடைத்து விடுங்கள். வலி எடுத்த பிறகு ரிமூவர் தேடிக்கொண்டிருக்க முடியாது. திடீரென்று போக நேர்ந்தால் ஒரு கையில் ஒன்றிரண்டு விரலையாவது சுத்தம் செய்யுங்கள். முடியாவிட்டால், பூச்சு போட்டிருப்பதை நர்ஸிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பச்சைப் பூச்சா, பச்சை நோயா?

நகம் தானாகவே பச்சையாவதும் உண்டு. எந்நேரமும் தண்ணீரில் கை வைக்கும் பெண்களுக்கு நகம் சதையிலிருந்து கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கில் ஈரம் தங்கி சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் நகம் பச்சையாகவோ கருபச்சையாகவோ மாறும். பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், மீன் கழுவுபவர்கள், நாற்று நடுபவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். பூச்சு போட்டு மறைத்தால் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். நகம் தூக்கியிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ பூச்சு வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அதேபோல ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கருங்கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தால் நாள் கடத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். அபூர்வமாக அது தோல் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நெருப்பு: நகப்பூச்சும் ரிமூவரும் மண்ணெண்ணெயை விடச் சீக்கிரம் தீப்பிடிப்பவை. ரிமூவரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தள்ளி இருக்கும் நெருப்பையும் தொடும். தீபாவளியும் கார்த்திகை தீபமும் வரும் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அடுப்படியில், குத்துவிளக்குப் பக்கத்தில், ஊதுவத்தி எரியும் இடத்தில் போடக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே விளக்கேற்றுங்கள்.

குழந்தைகள்: ரிமூவரைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108-க்குக் கூப்பிட்டு, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிஷம் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சமையல்: சத்துணவுக் கூடம், கேன்டீன், ஊறுகாய், மசாலாப்பொடி, அப்பளம் தயாரிக்கும் குழுக்களில் வேலை செய்வோர் கைக்குப் பூச்சு போடாதீர்கள். உரிந்த சில்லு சாப்பாட்டில் விழும். பூச்சின் அடியில் அழுக்கு இருந்தாலும் தெரியாது. ஆசைக்குக் கால் நகம் இருக்கிறது.

பார்லர் நடத்தும் உறுப்பினர்களுக்கு

வாடிக்கையாளர் மாசம் ஒருமுறை போட்டுக்கொண்டு போய்விடுவார். நீங்கள் தினமும் அந்த ஆவியை மூச்சில் இழுக்கிறீர்கள். தலைவலி, மயக்கம், கண் எரிச்சல் வந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையைப் போடுங்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று வையுங்கள். பாட்டிலை உடனே மூடுங்கள். துடைத்த பஞ்சை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். துணி மாஸ்க் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கர்ப்பமாக இருக்கும் உறுப்பினர் இந்த வேலையைக் குறைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்வது நல்லது.

விளக்கு காட்டி இறுக வைக்கும் ஜெல் பாலிஷ் இப்போது நிறைய வருகிறது. இறுகாத ஜெல் தோலில் படப்படத் தோல் அலர்ஜி வரலாம், வந்தால் ஆயுசுக்கும் விடாது. ஜெல்லை இறுக வைக்க உதவும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. ஜெல் வாங்கும்போது லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அது இல்லாததையே வாங்குங்கள். கையுறை போட்டு வேலை செய்யுங்கள்.

சீசன் நிறம் என்று பத்துப் பாட்டில் வாங்கி அடுக்க வேண்டாம். உங்களிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு அல்லது பழுப்பு இருந்தால் ஆலிவை நீங்களே கலக்கலாம். அலுமினியத் தாளில் பச்சை நாலு சொட்டு, மஞ்சள் இரண்டு சொட்டு விட்டு, பழுப்பைக் குச்சி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். சிவப்பு என்றால் இன்னும் குறைவாகச் சேருங்கள். சாதாரணப் பூச்சோடு சாதாரணப் பூச்சைத்தான் கலக்க வேண்டும், ஜெல்லைக் கலக்கக் கூடாது.

கணக்கும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, 90 ரூபாய் பாட்டில் 15 பேருக்கு வந்தால் ஒருவருக்கு 6 ரூபாய். அதோடு பேஸ் கோட், டாப் கோட், ரிமூவர், பஞ்சு, கரண்ட், உங்கள் நேரம் எல்லாம் சேர்த்துத்தான் கூலி சொல்ல வேண்டும். உங்கள் பாட்டில் எத்தனை பேருக்கு வருகிறது என்று ஒரு மாசம் நோட்டில் குறித்தால் சரியான விலை தெரிந்துவிடும். குழுவில் உள்கடன் வாங்கிச் சரக்குப் போடுபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

யார் போடலாம்?

இதையும் பேசித்தான் ஆக வேண்டும். "இந்த வயசுல உனக்கு எதுக்கு?", "வீட்டுக்காரர் இல்லாதவளுக்குக் கலர் கேக்குதா?", "குடும்பப் பொண்ணு போடுற நிறமா இது?" என்ற பேச்சு நம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கணவரை இழந்த உறுப்பினர் ஒருவர் நகத்தில் ஒரு துளி நிறம் வைத்தால் அதைப் பற்றி ஊர் பேசுகிறது. பேங்க்கில் கையெழுத்துப் போடவும், கடனை ஒழுங்காகக் கட்டவும், கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்கவும் பழகிய கை நம்முடையது. அந்தக் கையில் என்ன நிறம் என்பதை அந்தக் கைக்குச் சொந்தக்காரிதான் முடிவு செய்ய வேண்டும். போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, போடக் கூடாது என்ற தடையும் இல்லை. குறைந்தபட்சம் நம் குழுவுக்குள்ளாவது ஒரு பெண்ணின் நகத்தைப் பார்த்து இன்னொரு பெண் முகம் சுளிக்காமல் இருப்போம்.

அடுத்த கூட்டத்தில் பேச

ஊக்குநர்கள் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் எல்லோரும் கையை நீட்டி, பக்கத்தில் இருப்பவரின் நகத்தைப் பாருங்கள். வெளுத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா? சந்தேகம் இருந்தால் அந்த வாரமே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பார்த்து முடித்த பிறகு, ஆசைப்படுபவர்கள் ஆலிவ் பச்சையோ அரக்குச் சிவப்போ, மனசுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.